சமையலறைக்குள் வந்துவிட்ட டாய்லெட் பைப்பை எப்படி வெளியே கொண்டுபோவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் கட்டிய தனி வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும். பின்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தை மூடித் தளம் போட்டு, சமையலறையை நீட்டியிருக்கிறார்கள். அதுவரை வெளிச்சுவரில் இறங்கிக்கொண்டிருந்த மாடி பாத்ரூமின் நாலு இஞ்ச் பைப் இப்போது சமையலறைக்குள் சுவரோரமாக நிற்கிறது. அது போய் விழும் சேம்பரும் (கழிவுநீர் பைப்புகள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) சமையலறை டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள், மாடுலர் கிச்சன் வருகிறது, பைப் நிற்கும் இடத்தில்தான் ஃபிரிட்ஜ் வைக்க வேண்டும். பிளம்பரோ, "சீலிங்குக்குக் கீழே ஒரு எல்போ, அந்த மூலையில் ஒரு எல்போ, நடுவில் பன்னிரண்டடி பைப், ஒரே நாளில் முடிச்சிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பைப்பை அங்கிருந்து எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் சீலிங்குக்கு அடியில் ஓட்டும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. இருக்கிறதா இல்லையா என்பதை வீட்டின் மட்டங்கள்தான் சொல்லும். அதனால் மட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

குடிநீர் லைனை மாற்றுவதுபோல இதை நினைக்காதீர்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பின்னால் அழுத்தம் இருக்கிறது. ஏற்றி இறக்கி எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். டாய்லெட் லைனில் அழுத்தம் கிடையாது. வாட்டம், அதாவது சரிவு, இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். நாலு இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்று வாட்டம் கொடுப்பது வழக்கம். அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். இடம் பற்றாத நிலையில் 60-க்கு 1 வரை, அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம் வரை இறங்கி வரலாம். அதற்கும் கீழே போனால் பைப் ஓரிடத்தில் கொஞ்சம் தொய்ந்தாலே அங்கே தேங்க ஆரம்பித்துவிடும். பழைய வீடுகளில் சங்கிலி இழுக்கும் தொட்டி ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டியது. இப்போதைய இரட்டைப் பட்டன் தொட்டி பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்னதற்கு 3 லிட்டர்தான் விடுகிறது. தண்ணீர் குறைந்துபோன இந்தக் காலத்தில் வாட்டத்தில் கஞ்சத்தனம் செய்தால் அது சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே பைப் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பாருங்கள். முப்பது வருட வீட்டில் எந்த லைன் எந்தச் சேம்பருக்குப் போகிறது என்று வீட்டுக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. வரைபடம் இருந்தாலும் கொத்தனார் அதன்படிதான் போட்டார் என்று சொல்ல முடியாது. வீட்டிலுள்ள எல்லாச் சேம்பர் மூடிகளையும் திறந்து வைத்துவிட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து மாடி டாய்லெட்டில் ஊற்றி, எந்தச் சேம்பரில் நீலம் வருகிறது என்று ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். பிறகு மாடிக் குளியலறைத் தரை, அப்புறம் கீழ் டாய்லெட், அப்புறம் சமையலறைத் தொட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் வீட்டின் சாக்கடை வரைபடம் உங்கள் கையில் இருக்கும். இதில் மிக முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்று: சமையலறைக்கு அடியில் இருக்கும் சேம்பரில் மாடி டாய்லெட் மட்டும் விழுகிறதா, கீழ் டாய்லெட்டும் அதன் வழியாகத்தான் போகிறதா? பின்னால் இதற்கு வருகிறேன்.

அடுத்தது மட்டம். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய். இரண்டடி ரசமட்டத்தை வைத்து முப்பதடி தூரத்துக்கு அளக்க முடியாது, அதற்கு டியூப்தான் சரி. பக்கவாட்டுச் சந்தில் புதிய சேம்பர் கட்ட நினைக்கும் இடத்தில் ஒரு குறி, லைன் அடுத்துப் போய்ச் சேரும் பழைய சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ ஒரு குறி. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பைப்பின் அடிமட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இடையில் இருபதடி என்றால் ஆறு அங்குலம் இறக்கம் கிடைக்க வேண்டும். நான்கு கிடைத்தாலும் சமாளிக்கலாம். இரண்டு அங்குலம்தான் கிடைக்கிறது என்றால் அந்த இடத்தில் சேம்பர் கட்டக் கூடாது, வேறு இடம் பாருங்கள். புதிய சேம்பரை வேண்டுமளவு மேலே தூக்கிக் கட்டி வாட்டத்தைச் சம்பாதித்துக்கொள்ளவும் முடியும், ஏனென்றால் மாடியிலிருந்து வரும் பைப் எந்த உயரத்திலும் வந்து விழலாம். சேம்பர் மேலே வந்துவிட்டால் அதற்கு மேலுள்ள மண் குறையும். அவ்வழியே வண்டி போகுமென்றால் பைப்பைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டியிருக்கும்.

சரி, இப்போது மேலே வருவோம்.

1990-களின் வீடுகளில் மாடி பாத்ரூமின் தளத்தை மற்ற அறைகளைவிட ஓர் அடி கீழே இறக்கிப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் இந்தியன் டாய்லெட்டின் டிராப்பை (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வைத்து, மேலே செங்கல் ஜல்லி நிரப்பித் தரை போட்டிருப்பார்கள். அதனால் டாய்லெட்டின் பைப் பாத்ரூம் தரையைவிட ஓர் அடி தாழ்வாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது அது வெளிப்புறம், யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு சமையலறையை நீட்டியபோது புதுத் தளத்தை மற்ற அறைகளின் தளமட்டத்தில் போட்டதால், பைப் வெளியே வரும் இடம் புதுத் தளத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது. உங்கள் சமையலறையில் சீலிங்குக்குச் சற்றுக் கீழே டீ (T) அல்லது ஒய் (Y) வடிவ இணைப்பு ஒன்று தெரிகிறது என்றால் கதை இதுதான். அதே பைப், தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய், வெண்ட்டாக, அதாவது காற்று போக வரும் குழாயாக, மொட்டை மாடி வரை நிற்கும்.

பிளம்பர் சொல்லும் வழியில், அந்த ஒய்யிலிருந்து சீலிங்குக்கு அடியில் பன்னிரண்டடி ஓட வேண்டும். வாட்டம் மட்டுமே மூன்றரை அங்குலத்துக்கு மேல். பைப்பின் பருமன், பெண்டு, கிளாம்ப் எல்லாம் சேர்த்தால் கடைசியில் சீலிங்கிலிருந்து ஓர் அடிக்கு மேல் கீழே வந்து நிற்கும். அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங். மேல் அலமாரியின் உயரம் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சமைக்கிற இடத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மலம் போகும் பைப்பில் ஐந்தாறு ஜாயிண்ட் இருக்கும் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கசிந்தால் முதலில் தெரிவது ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டம். அடைத்தால் திறக்க வேண்டியது அடுப்புக்கு மேலே. இதெல்லாம் தவிர, அவர் சொல்லும் எல்போ 90 டிகிரி. மேலிருந்து விழும் தண்ணீர் அதில் மோதி, வேகம் செத்துத்தான் படுக்கைப் பைப்புக்குள் போகும். படுக்கைப் பைப்பில் அடைப்பு வருவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தை ஒட்டித்தான்.

நான் சொல்லும் வழி, டாய்லெட் பைப்பை சமையலறைக்குள் இறங்கவே விடாமல் செய்வது. மாடி பாத்ரூமையும் இதே சமயத்தில் புதுப்பிக்கிறீர்கள் அல்லது புதுப்பிக்க மனமிருக்கிறது என்றால் இது மிகச் சுலபம். இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு பி-டிராப் உள்ள வெஸ்டர்ன் டாய்லெட் வையுங்கள். எஸ்-டிராப் தரைக்குள் இறங்கும்; பி-டிராப் பின்பக்கமாகச் சுவருக்குள் போகும். அதன் வாய் தரையிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டர், அதாவது ஏழு அங்குலம் உயரத்தில் இருக்கும். சுவரில் தொங்கும் வகை என்றால் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகவே கிடைக்கும். ஓர் அடி பள்ளத்தில் கிடந்த பைப் இப்போது தரைக்கு மேல் ஏழு அங்குலத்தில் சுவரைத் துளைத்து வெளியே வருகிறது. வெளியே என்ன இருக்கிறது? உங்கள் சமையலறையின் மேல்தளம். அந்தத் தளத்தின் மேலேயே, சுவரோரமாக, பைப்பை ஓட்டிப் பக்கவாட்டுச் சந்து வரை கொண்டுபோய், கைப்பிடிச் சுவரைத் துளைத்து வெளிச்சுவரில் இறக்கிவிடலாம். சமையலறைக்குள் ஒரு ஜாயிண்ட்கூட இருக்காது.

மட்டம் சரியாக வருகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராப்பின் நடுப்புள்ளி ஏழு அங்குலம் என்றால் பைப்பின் அடி சுமார் நாலேமுக்கால் அங்குலத்தில் இருக்கும். தளத்தின் மேல் எட்டடி ஓட வேண்டும் என்றால் 40-க்கு 1 வாட்டத்தில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இறங்கும். மிச்சம் இரண்டேகால் அங்குலம். சமையலறைத் தளத்தின் மேல் போட்ட சுர்க்கிக் கலவையும் தட்டோடும் பாத்ரூம் தரையைவிட ஓர் அங்குலம் உயரமாக இருந்தாலும் இடம் இருக்கிறது. மூன்றங்குலம் உயரமாக இருந்தால் இடமில்லை. அப்போது பாத்ரூம் தரையை ஒரு படி உயர்த்திக் கட்டலாம், அல்லது பைப் போகும் பட்டையில் மட்டும் தட்டோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தனியாக வாட்டர்ப்ரூஃபிங் செய்யலாம். நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கீறினால் அதைப் பழையபடி ஒட்டவைப்பது பெரும்பாடு.

தளத்தின் மேல் ஓடும் பைப்பை அப்படியே தரையில் படுக்க வைத்துவிடக் கூடாது. மூன்றடிக்கு ஒரு சிறு கான்கிரீட் கட்டை, அதன் மேல் கிளாம்ப். பைப்புக்கு அடியில் மழைநீர் தடையில்லாமல் ஓட வேண்டும். ஐப்பசி மழையில் பைப்பே அணைக்கட்டாகி, சுவரோரம் தண்ணீர் தேங்கினால் அது நேராகச் சமையலறைச் சுவரில் இறங்கும். அந்தத் தளத்தில் ஆட்கள் நடமாடுவார்கள், துணி காயப்போடுவார்கள் என்றால் இருபுறமும் செங்கல் வைத்து, மேலே எடுத்து மாட்டக்கூடிய கடப்பாக்கல் பலகை போட்டு மூடுங்கள். திறந்த வெயிலில் விடுவதானால் வெள்ளை எமல்ஷன் அடித்துவிடுங்கள். பெயின்ட் இல்லாத பிவிசி பைப் நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் மொறுமொறுப்பாகி, ஒரு தட்டுக்கு உடையும்.

பைப் வாங்கும்போது நாலு இஞ்ச் என்று மட்டும் கேட்காதீர்கள். 110 மில்லிமீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர் (கழிவுநீர், மழைநீருக்கான பிவிசி) பைப்பில் இரண்டு தரம் உண்டு, இரண்டுக்கும் ஐஎஸ் 13592 என்றே போட்டிருக்கும். டைப் ஏ மழைநீருக்கும் வெண்ட்டுக்கும், அதன் சுவர் 2.2 மில்லிமீட்டர். டைப் பி டாய்லெட்டுக்கும் கழிவுநீருக்கும், 3.2 மில்லிமீட்டர். விலை வித்தியாசம் இருப்பதால் கடையில் முதலில் ஏ-யைத்தான் எடுத்துப் போடுவார்கள். பைப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் இடத்தில் பசை போட்டு ஒட்டும் வகையைவிட ரப்பர் ரிங் வகை நல்லது. பிவிசி சூட்டில் நீளும். ரிங் ஜாயிண்டில் பைப்பை முழுசாகச் செருகி, ஒரு கோடு போட்டு, ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்து விட்டால் நீள்வதற்கு இடம் கிடைக்கும். பைப் முனையைச் சரிவாகச் சீவிவிட்டுத்தான் செருக வேண்டும். வெட்டிய முனையை அப்படியே தள்ளினால் ரிங் சுருண்டுவிடும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வழுக்கிவிடச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் கெட்டுப்போகும்.

திருப்பங்கள் எல்லாம் இரண்டு 45 டிகிரி பெண்டுகளாக இருக்கட்டும். தளத்தின் மேல் பைப் திரும்பும் இடத்திலும், கீழே இறங்கத் தொடங்கும் இடத்திலும் அடைத்தால் திறந்து பார்க்கக் கதவு வைத்த ஃபிட்டிங் போடுங்கள். அந்தக் கதவு சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருக்கக் கூடாது. சொல்ல வேண்டியதே இல்லை என்று தோன்றும், ஆனால் திறக்கவே முடியாத திசையில் திரும்பிக்கிடக்கும் கதவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெண்ட்டை மறந்துவிடாதீர்கள். இப்போது தளத்துக்கு மேலே மொட்டை மாடி வரை போகும் பைப் சும்மா நிற்கவில்லை. ஃபிளஷ் செய்யும்போது பைப்பை நிறைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர் தன் பின்னாலிருக்கும் காற்றை இழுக்கும். மேலிருந்து காற்று வராவிட்டால் டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் வீடெல்லாம் நாற்றம். "வெட்டின பைப்பை மேலே மூடி போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். புதிய படுக்கைப் பைப் தொடங்கும் இடத்தில் ஒரு ஒய் போட்டு, பழைய வெண்ட்டை அதிலேயே சேர்த்துவிடலாம். புதுப் பைப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

கீழே, பைப் சேம்பரை எட்டும் இடமும் கவனிக்க வேண்டியது. அங்கேயும் இரண்டு 45. அடியில் கான்கிரீட் கட்டை வைத்து நன்றாகத் தாங்கல் கொடுங்கள், மாடியிலிருந்து விழுவதெல்லாம் அந்த ஒரு திருப்பத்தில்தான் மோதுகிறது. கீழ் வீட்டு டாய்லெட்டையோ குளியலறையையோ அந்தப் பைப்பின் அடிப்பகுதியில் சேர்க்கவே கூடாது. மேலே ஃபிளஷ் செய்யும்போது அடியில் காற்று அழுந்தி, பக்கத்திலிருக்கும் வாய் வழியாக வெளியேறப் பார்க்கும். கீழ் டாய்லெட்டில் தண்ணீர் கொப்பளிப்பதும், குளியலறைத் தரையில் நுரை மேலே வருவதும் பெரும்பாலும் இதனால்தான். கீழ்த்தளத்து லைன் தனியாகப் போய்ச் சேம்பரில் விழட்டும்.

டாய்லெட் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மாடிக் குளியலறையின் தரைத் தண்ணீர் இருக்கிறதே, அதைத் தரைக்கு மேலே தூக்க முடியாது. நஹானி டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வாயில் வைக்கும் டிராப்) தரைக்குக் கீழேதான் இருக்கும், அதன் பைப் பழைய பள்ளத்தின் வழியாகச் சமையலறைக்குள்தான் வரும். பிளம்பர்கள் இந்த இடத்தில்தான் "அப்போ எல்லாத்தையும் சேர்த்து உள்ளேயே இறக்கிடலாம்" என்று திரும்பவும் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். குளித்த தண்ணீருக்கு 75 மில்லிமீட்டர் போதும். அது சோப்புத் தண்ணீர், பைப் சிறியது, சுவர் மூலையில் ஒடுங்கி நிற்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஐந்து அங்குல மறைப்புக்குள் அடங்கிவிடும். பாத்ரூம் தரையை எப்படியும் ஆறேழு அங்குலம் உயர்த்தப் போகிறீர்கள் என்றால் அதையும் தளத்துக்கு மேலாக வெளியே கொண்டுபோக முடியும். பாத்ரூமுக்குள் போக ஒரு படி ஏற வேண்டியிருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நான் படியைத் தவிர்த்துவிட்டு 75 மில்லிமீட்டர் பைப்பை உள்ளேயே விட்டுவிடுவேன்.

பழைய பைப் எதில் செய்தது என்று வெட்டுவதற்கு முன் பாருங்கள். 1994 வீட்டில் பிவிசியாக இருக்கலாம், வார்ப்பிரும்பாக இருக்கலாம், ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப்பாகவும் இருக்கலாம். வார்ப்பிரும்பு என்றால் எடை அதிகம். நடுவில் வெட்டினால் மேலே இருக்கும் துண்டு பிடிப்பில்லாமல் நழுவி இறங்கும். முதலில் தளத்துக்கு மேலே இருக்கும் பகுதியைச் சுவரில் வலுவாகக் கிளாம்ப் போட்டுக் கட்டிவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். வார்ப்பிரும்பையும் பிவிசியையும் சேர்க்கும் இடத்தில் சணலும் சிமென்ட்டும் அடைப்பது பழைய வழக்கம். இரண்டும் வெவ்வேறு அளவில் நீளும், சிமென்ட் விரிந்துவிடும். ஸ்டீல் பட்டை போட்ட ரப்பர் கப்ளிங் கிடைக்கிறது, அதையே போடுங்கள். சாம்பல் நிறத்தில், உடைந்த முனையில் நார் தெரிகிறது என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ். அதன் மேல் கட்டிங் மெஷின் வைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நன்றாக நனைத்து, ஜாயிண்டில் கழற்றி, முழுத் துண்டாக எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்துங்கள்.

சுவரில் புதுத் துளை போடும்போது கொத்தனாரின் உளியைவிட கோர் கட்டிங் மெஷின் மேல். ஒரு நாள் வாடகைதான், ஐந்து அங்குலத்தில் வட்டமாகத் துளை விழும், சுவர் அதிராது. பீமிலோ பில்லரிலோ எந்தக் காரணத்துக்காகவும் துளை போடக் கூடாது. உங்கள் வீட்டில் பின்சுவரின் அடியில், மாடித் தரை மட்டத்தில் பீம் ஓடும். பி-டிராப்பின் துளை அதற்கு மேலே வருவது இந்த வழிக்கு இன்னொரு நன்மை.

தளத்தில் பழைய பைப் போன ஓட்டையை என்ன செய்வது? சிமென்ட் கலவையை அப்பிப் பூசிவிட்டால் அடுத்த மழைக்கே சுற்றிலும் கோடாக ஒழுகும். ஓட்டையின் ஓரங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, துண்டுக் கம்பி வைத்து, அடியில் பலகை அடித்து, சுருங்காத கிரௌட்டை ஊற்றி, மேலே ஓட்டையைத் தாண்டி ஓர் அடி அகலத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் பூச வேண்டும். பிறகு பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். சமையலறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் இந்தச் சோதனை முடிந்த பிறகு போடுங்கள்.

இப்போது சமையலறைக்கு அடியில் இருக்கும் சேம்பர். மாடி டாய்லெட் மட்டும்தான் அதில் விழுந்தது என்றால் வேலை சுலபம். காலி செய்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வெளியே போகும் பைப்பின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்து, மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டலாம். அந்தப் பைப்பின் மறுமுனையையும் அடையுங்கள். உபயோகமில்லாத சாக்கடைப் பைப்பைக் கரப்பான்பூச்சிக்கும் பெருச்சாளிக்கும் வாடகையில்லாமல் விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. கீழ் டாய்லெட்டும் அதே சேம்பர் வழியாகப் போகிறது என்று நீலம் காட்டினால் அதை மூட முடியாது. அந்த டாய்லெட்டுக்கு வெளிப்பக்கமாகப் புது வழி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் சேம்பரின் உள்ளே ஜாயிண்ட் இல்லாத ஒரே பைப்பாக ஓட்டி, சுற்றிலும் நிரப்பி மூடிவிட்டு, சமையலறைக்கு இரண்டு பக்கமும் வெளியே திறப்பு வையுங்கள். அடைத்தால் வெளியிலிருந்து கம்பி விடலாம். சாப்பாடு செய்யும் இடத்தில் சேம்பர் மூடியைத் திறக்கும் நிலை மட்டும் வேண்டாம்.

உங்கள் லைன் செப்டிக் டேங்குக்குப் போகிறதென்றால் இன்னொன்று. புதிய இணைப்புக்காகவோ பழைய வாயை அடைப்பதற்காகவோ டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். "ரெண்டு நிமிஷம்தான், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முடிச்சிடுவான்" என்று மேஸ்திரி சொல்வார். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், நாற்றமே தெரியாது, அதன் பிறகு ஆள் சுருண்டு விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வேலைக்கு வைத்தவரும் மாட்டுவார். லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியிலிருந்தே செய்யக்கூடிய வேலையாக அதைத் திட்டமிடுங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் உங்கள் வேலை காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசிச் சேம்பரோடு முடிகிறது, அதற்கு அப்பால் குடிநீர் வாரியமோ நகராட்சியோதான் தொட வேண்டும். புதிய லைனின் வழியில் தண்ணீர்ச் சம்பு இருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள், அதன் மேலாகப் போகக் கூடாது.

மூடுவதற்கு முன் சோதனை. சேம்பரில் பைப் வாயை டெஸ்ட் பலூனாலோ ரப்பர் பிளக்காலோ அடைத்து, முட்டுக் கொடுத்து (பத்தடித் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்), மேலே தளத்தில் உள்ள கதவு வரை தண்ணீர் நிரப்பி, குறி போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கக் கூடாது. பிறகு திறந்துவிட்டு, நனைத்த செய்தித்தாள் துண்டுகளை டாய்லெட்டில் போட்டுச் சின்னப் பட்டனை அழுத்தி, எத்தனை முறை அழுத்தினால் சேம்பருக்கு வருகிறது என்று கீழே நின்று பாருங்கள். இரண்டு மூன்று அழுத்தலில் வந்துவிட்டால் வாட்டம் சரி. சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வோர் இடத்திலும் டேப்பை விரித்து வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டம் எப்படிப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை, இந்தியன் டாய்லெட்தான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள், அல்லது மாடியில் குடித்தனக்காரர் இருக்கிறார், பாத்ரூமை உடைக்க முடியாது என்றால்? அப்போதும் பன்னிரண்டடி படுக்கைப் பைப்பை நான் போட மாட்டேன். இருக்கும் இடத்திலேயே பைப்பை விட்டுவிட்டு, பழையதை எடுத்துப் புது டைப் பி பைப் போட்டு, சமையலறையின் வடிவமைப்பை மாற்றச் சொல்வேன். ஃபிரிட்ஜை ஓர் அடி தள்ளி, பைப் நிற்கும் இடத்தில் உயரமான அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மறைப்பு கட்டினால் போதும். பிளைவுட்டால் மூடினால் ஒவ்வொரு ஃபிளஷும் ஹாலுக்குக் கேட்கும். பைப்பைச் சுற்றி ராக்வுல் (சத்தத்தை அடக்கும் கம்பளி போன்ற பொருள்) கட்டி, நாலு இஞ்ச் ஏஏசி பிளாக்கால் (எடை குறைந்த கான்கிரீட் கல்) மறைத்துப் பூசினால் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர் பட்டை வைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் சுவர் வழியாகவே சத்தம் வரும். கதவு ஃபிட்டிங் இருக்கும் இடத்தில் காந்தத்தில் நிற்கும் சிறு பலகை ஒன்று.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் டக்ட் பைப்பில் கை வைக்க வேண்டாம். அந்தப் பைப் உங்களுக்கு மேலே இருக்கும் எல்லா வீடுகளுக்கும் பொது. சங்கத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் ஒரு இன்ஜினியரின் வரைபடமும் இல்லாமல் செய்தால், மேலே யார் வீட்டில் எது அடைத்தாலும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

உங்கள் வீட்டுக்கு வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: வெளியே புதிய சேம்பரும் அங்கிருந்து போகும் லைனும் முதலில், பழைய லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டி முடியுங்கள். அடுத்து வெளிச்சுவர்ப் பைப்பும் தளத்து மேல் பைப்பும். அதன் பிறகே மாடி பாத்ரூமை உடையுங்கள், புதுப் பள்ளத்து வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் தரைக்கும் நாள் எடுக்கும், அதுவரை மாடியில் இருப்பவர்கள் கீழே உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். மாற்றி இணைத்து, சோதனை முடிந்து, சமையலறையிலிருந்து பழைய பைப்பை எடுத்து, ஓட்டையும் சேம்பரும் மூடி, பூச்சு காய்ந்த பிறகு மாடுலர் கிச்சன்காரரை அளவெடுக்க வரச் சொல்லுங்கள். இப்போதே அளவு கொடுத்து அட்வான்ஸும் கட்டியிருந்தால், ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரை மட்டும் மறுபடி அளக்க வேண்டும் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.